கட்டிய கைகள்

கவண் சுடவில்லை. சுடாமல் சும்மா நின்றிருந்தாலாவது ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அது தன் இரட்டைக் குழல்களையும் மெல்லத் தூக்கி, நட்டக்குத்தலாக நிறுத்தி, பன்னிரண்டு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் வானத்துக்குக் கும்பிடு போட்டது. அடித்து வீழ்த்தப்பட்டிருக்க வேண்டிய ஆளில்லா விமானம் கடலுக்கு மேலே சாவகாசமாக ஐந்தாறு வட்டம் அடித்தது. பிறகு எரிபொருள் தீர்ந்து தானாகவே தண்ணீரில் விழுந்தது.

கூடாரத்தின் கடைசி நாற்காலியில் இருந்த செலினுக்கு முகம் வெந்துபோயிற்று. கவணின் எட்டுச் சக்கரங்களையும், குழல்களையும், தலையில் சுழலும் ராடாரையும் யார் யாரோ செய்தார்கள். எதைச் சுடுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிற மூளை மட்டும் அவளுடைய வேலை. ஐந்து வருஷ வேலை. தானே ஓடி, தானே பார்த்து, தானே சுடும் விமான எதிர்ப்புப் பீரங்கி என்று செய்தித்தாள்களில் எல்லாம் வந்தாகிவிட்டது. தானே கும்பிடும் என்று யாரும் எழுதவில்லை.

இயக்குநர் சிவசைலம் கோபப்படுகிற மனிதர் இல்லை. அதுதான் அவரிடம் பயமே. அதிகாரிகளை வெள்ளிக்கிழமை காலை மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, செலினிடம் வந்து, இன்றைக்குப் புதன் என்று மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

கவண் ஆளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இயந்திரம். அதன் வயிற்றுக்குள் ஒரே ஓர் இருக்கை. இருக்கைக்கு முன்னால் திரை, திரைக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள், வலது கைப்பிடியின் உச்சியில் கட்டைவிரலுக்குச் சுடும் பொத்தான். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். குழல்கள் தாமாக மேலே போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்த இருக்கையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து சுட்டவர் ஹவில்தார் ஆழ்வாரப்பன், நாங்குநேரிக்காரர். அவர் கை போன இடமெல்லாம் கவணும் பின்னாலேயே போய்ப் பழகியது. இனிமேல் இருக்கை காலி. காவலுக்குத் துறைமுகத்தில் போய் நின்றதும் இருக்கையின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

இரண்டு வருஷப் பதிவுகளைச் செலின் அன்று மத்தியானமே புரட்டினாள். காரணமில்லாமல் குழல்கள் மேலே போன சம்பவங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மெதுவாக, சிறகடிக்காமல், வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவள் ஆழ்வாரப்பனைத் தேடிப் போனாள். அவர் கேன்டீனுக்குப் பின்னால் சீருடைச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். முதலில் தெரியாது என்றார். இரண்டாம் தடவை கேட்டதும் சட்டையை நீவ ஆரம்பித்தார்.

"சொன்னா சிரிக்கக் கூடாது மேடம். கருடன்."

"என்ன கருடன்?"

"கருடன் வட்டம் போட்டா கன்னத்துல போட்டுக்கிடணும்னு எங்க அம்மை பழக்கிவிட்டா. கையில ஊறிப்போச்சு. நான் போடல மேடம், கை போடுது. கைய எடுத்ததும் குழல் மேல போயிரும். மறுபடி பிடிச்சா கீழ வந்துரும். ஒரு செகண்டு வேலை. யாரு பாக்கப்போறான்னு இருந்துட்டேன்."

"கவண் பாத்துக்கிட்டே இருந்திருக்கு," என்றாள் செலின்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அவள் சிலுவைத்துறைக் கடற்கரையில் பிறந்தவள். ஸ்கூட்டரில் மாதா கோயிலைத் தாண்டும்போது அவள் கையும் கேட்காமலே கைப்பிடியை விட்டு நெற்றிக்குப் போகும். அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த இயந்திரம், வட்டமிடுவது எதுவானாலும் கையை எடுத்துவிட வேண்டும் என்று பக்தியோடு கற்றுவைத்திருந்தது.

சிவசைலம் கேட்டுவிட்டுச் சிரிக்கவேயில்லை. எந்தக் கை கற்றுக்கொடுத்ததோ அதே கை மாற்றிக் கற்றுக்கொடுக்கட்டும் என்றார். வியாழக்கிழமை காலை, கவணின் திரையோடு படம் காட்டும் பெட்டி ஒன்றை இணைத்தார்கள். அறுநூறு படங்கள், அறுநூறிலும் வட்டமிடும் கருடன். ஆழ்வாரப்பன் கைப்பிடியை விடாமல் ஒவ்வொன்றையும் சுட வேண்டும். குண்டில்லாத வெறும் பொத்தான்தான். இருந்தாலும் முதல் படத்திலேயே அவர் கைகள் எழுந்துவிட்டன. பத்தாவதிலும் எழுந்தன. நாற்பதாவதில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், அப்போதும் எழுந்தன. வேர்த்து விறுவிறுத்துப்போய்த் திரும்பினார்.

"கட்டிருங்க மேடம். நான் சொன்னா கை கேக்காது."

குழல் துடைக்கும் துணியைக் கிழித்து, அவருடைய மணிக்கட்டுகளைக் கைப்பிடிகளோடு சேர்த்துக் கட்டியவள் செலின்தான். முதலிலிருந்து தொடங்கினார்கள். படம் வரும்போதெல்லாம் கட்டு இறுகுவதும், பிறகு கட்டைவிரல் அழுத்துவதும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்நூறுக்கு அப்புறம் அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. அறுநூறு முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசி நூறில் கட்டு இறுகவேயில்லை.

கட்டை அவிழ்த்து அவர் வெளியே வந்து நின்றபோது, வேண்டுமென்றே வந்ததுபோல, சோதனைத் திடலை ஒட்டிய தேரியின் செம்மணல் மேட்டுக்கு மேலே நிஜக் கருடன் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆழ்வாரப்பனின் கைகள் தொடையோரம் அப்படியே கிடந்தன. அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கை வரல மேடம்," என்றார்.

செலினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்குநேரியில் யாரோ ஒரு தாய் கற்றுக்கொடுத்ததை ஒரு காலைப்பொழுதில் அழித்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேலைதானே என்று சொல்லிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

ஆழ்வாரப்பனின் பாடம் இன்னும் கவணுக்குள் இறங்கவில்லை என்றே அவள் நினைத்தாள். இருக்கையில் நடக்கும் எந்தப் பாடமும் அவள் மடிக்கணினியில் வந்து காத்திருக்கும். அவள் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் கவண் அதை ஏற்றுக்கொள்ளும். சம்மதம் கொடுக்குமுன், அறிக்கையோடு இணைக்க அந்த நாற்பத்தொரு பதிவுகளையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்பது கருடன். நாற்பத்தொன்றாவதில் செம்பழுப்பு இறக்கை, நடுவில் வெள்ளை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறக்கைக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கின.

போன மாதம் பன்னிரண்டாம் தேதிப் பதிவு அது. அன்று இருக்கை காலி. குழல்களில் நிஜக் குண்டு. கவணை முதல்முறையாகத் தன்னந்தனியாக விட்டுப் பார்த்த நாள். கடலைத்தான் காலி செய்திருந்தார்கள், வானத்தை அல்ல. குழல்கள் மேலே போனதைப் பார்த்து, கருடனுக்குப் பீரங்கியும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது என்று காவலாட்கள் கேலி பேசினார்கள். திரையில் கடுகளவு தெரிந்ததை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அந்த இறக்கைத் துணியைத் தைத்தவள் செலினின் மைனி. தொங்கின கால்கள் அந்த மைனியின் புருஷன், செலினின் அண்ணன் தொம்மையுடையவை.

தொம்மை முதுகில் விசிறி இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துணி இறக்கையை விரித்து, கடலுக்கு மேல் பறப்பவன். சாளை மீன் கூட்டம் எங்கே கறுத்துத் தெரிகிறது என்று மேலேயிருந்து பார்த்து, கீழே எட்டு வள்ளங்களுக்குச் சொல்வான். மீன் கரையை விட்டு விலகிப்போன இந்தப் பத்து வருஷமாகச் சிலுவைத்துறை அவன் கண்ணால்தான் பிழைத்தது. பறக்கத் தடை என்று போன வருஷம் கோயில் சுவரில் அறிவிப்பு ஒட்டியதும், விட்டுவிட்டேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தான்.

அவள் சிவசைலத்திடம் ஓடினாள். அவர் பதிவை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பிச்சது நல்லதாப் போச்சு. ஆனா பாருங்கம்மா, வட்டம் அடிக்கிறதெல்லாம் கருடன்னு விட்டா, நாளைக்கு எதிரி கருடன் மாதிரியே ஒண்ணு செஞ்சு அனுப்புவான். துறைமுகத்துல எண்ணெய்த் தொட்டியைச் சுத்தி நாலாயிரம் பேர் வேலை செய்றாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மனுஷன்னு தனியாக் கத்துக்கொடுக்கலாம் சார்."

"மூணு கிலோமீட்டர் தூரத்துல, ரெண்டு செகண்டுல, துணிக்குக் கீழ கால் தொங்குதான்னு அதால பார்க்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது. அவளுக்குத் தெரியும். துறைமுகத்துக்கும் சிலுவைத்துறைக்கும் அந்த மூன்று கிலோமீட்டர்தான் தூரம். அறிவிப்பு ஒட்டியாயிற்று, அதற்குமேல் நம் கையில் இல்லை என்று சொல்லி அவர் பேச்சை முடித்துக்கொண்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தொம்மையிடம் கெஞ்சினாள், அழுதாள், மைனியை வைத்துச் சொல்லவைத்தாள். அவன் தலை நிமிரவில்லை. தான் ஏறாவிட்டால் எட்டு வள்ளமும் கண்ணைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டியதுதான் என்றான். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் ஏறுவதில்லை, சனிக்கிழமை ஏறத்தான் செய்வேன் என்று சத்தியம் செய்தான்.

"ஏளா செலினு, நீ பெத்த துப்பாக்கிதானே. இது எங்க அண்ணன்னு அதுட்ட ஒரு வார்த்தை சொல்லிவச்சா ஆகாதா?"

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

அறைக்குத் திரும்பிய செலின், சம்மதம் கேட்டுக் காத்திருக்கும் என்று தான் நினைத்த பாடத்தின் பெயரைத் திரையில் தேடக்கூட இல்லை, மடிக்கணினியை மூடிவைத்தாள். குறை திருத்தப்பட்டது, ஆளில்லாமல் இயங்கத் தகுதியுடையது என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். பச்சைப் பொய். நாளைக்கு அதிகாரிகள் முன்னால் கவண் மறுபடி கும்பிடு போடும். அவள் மானம் கப்பலேறும். ஆனால் திட்டம் ஒரு வருஷம் பின்னால் போகும். ஒரு வருஷத்தில் ஏதாவது வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடலில் செங்கொடி ஏறியது. இருக்கை காலி. நேராக வந்த இரண்டு இலக்குகளையும் கவண் வந்த சுவடு தெரியாமல் அடித்தது. மூன்றாவது இலக்கு, அதிகாரிகள் கேட்டு வாங்கிச் சேர்த்தது, தெற்கே எழும்பி மெதுவாக வட்டமிட ஆரம்பித்தது. செலின் அவமானத்துக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்பட்டென்று இரட்டைக் குழலும் வெடித்தது. கண்ணைத் திறந்தபோது தெற்கே கறுப்பாக ஒரு புகைத்திட்டு மட்டும் இருந்தது. முதல் வட்டத்தைக்கூட அது முடித்திருக்கவில்லை. கைதட்டினார்கள். சிவசைலம் அவள் தோளைத் தட்டினார். பிறகு மளமளவென்று எல்லாம் நடந்தது. மடிக்கணினி, சம்மதச் சாவி, படம் காட்டும் பெட்டி மூன்றையும் வாங்கி, பூட்டி, அரக்கு முத்திரை வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். நாலு மணிக்குக் கவண் துறைமுகத்துக்குக் கிளம்பும். அதுவரை துடைத்துத் தயார் செய்யும் பொறுப்பை ஆழ்வாரப்பனுக்கும் செலினுக்கும் விட்டுவிட்டு, அதிகாரிகள் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

செலின் கவணின் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சம்மதம் கொடுக்காத பாடம் எப்படி உள்ளே போயிற்று? இரண்டு வருஷத்துக்கு முன்பு, தினமும் உட்கார்ந்து சம்மதம் கொடுத்துச் சலித்துப்போய், அவளே ஒரு விலக்கு எழுதிவைத்திருந்தாள். எழுதினதையே மறந்தும் போயிருந்தாள். ஆழ்வாரப்பனிடம் அதை வாய்விட்டுச் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"பாடம் முழுக்க ரெண்டு கையில ஒண்ணைக்கூட ஒரு தடவகூட எடுக்காம இருந்தா, அது உறுதியான கை, என்னைக் கேக்க வேண்டாம், நேரா எடுத்துக்கோன்னு எழுதினேன். வேர்வை துடைக்கவாவது நீங்க ஒரு கைய எடுத்துருவீங்க, அதனால அப்படி ஒரு பாடம் இதுவரைக்கும் வந்ததே இல்ல. நேத்துதான் வந்துச்சு. கட்டின கைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தொம்மையைப் பற்றி ஆழ்வாரப்பனிடம் அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவர் மணிக்கட்டில் துணி அழுத்திய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அப்ப மறுபடி உக்காந்து கைய எடுத்துக் காட்டிட்டா?"

"கைய எடுத்தா அந்தப் பாடம் என் சம்மதத்துக்குக் காத்திருக்கும். சாவி ஜீப்புல போயிருச்சு."

"அப்ப கைய எடுக்கக் கூடாது. சுடவும் கூடாது," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். ரெண்டு வருசத்துல நான் அதை ஒரு நாளும் செஞ்சதில்ல மேடம். ஒண்ணு சுட்டேன், இல்ல கும்பிட்டேன்."

செலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உண்மைதான். பார்த்துக்கொண்டே சுடாமல் இருப்பதை இந்த இயந்திரத்துக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் காட்டப் படம் கிடையாது. பெட்டி முத்திரைக்குள் போயாயிற்று. வானத்தில் வட்டமிட நிஜமாக ஏதாவது வேண்டும். சுட்ட சத்தத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒரு காக்கைகூட இல்லை. அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணே, ஏறு. நேரா தேரிமேட்டுக்கு வா. துப்பாக்கிக்கு முன்னால வட்டம் அடி. எண்ணெய் இருக்குத வரைக்கும் இறங்காத."

நேற்று ஏறாதே என்று அழுதவள்தானே நீ என்று கேட்டான். ஆமாம், இன்றைக்கு ஏறு என்று அழுகிறேன் என்றாள்.

"அதுல குண்டு இருக்கா?"

"எடுத்தாச்சு. ஆழ்வாரப்பன் பாத்தாரு. நானும் பாத்தேன்."

"இன்னொருக்கப் பாத்துக்க," என்றான் தொம்மை. "வாரேன்."

அவர்கள் மூன்று தடவை பார்த்தார்கள். தோட்டாப் பெட்டி இரண்டும் காலி. குழலுக்குள் விளக்கடித்தும் பார்த்தாயிற்று. அப்படியும் செலினுக்கு மனசு ஆறவில்லை. ஆழ்வாரப்பனின் கட்டைவிரல் நேற்றுப் பழகின பழக்கத்தில் அழுத்திவிடக்கூடும் என்று, தானே இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிடித்து, கை எழாதபடி கட்டச் சொன்னாள். ஆழ்வாரப்பன் அதே துணியை எடுத்து வந்தார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"எதிரி நெசமாவே வட்டம் அடிச்சு வந்தா என்ன மேடம் செய்யும்?"

"கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கும். மணி அடிக்கும். யாராவது ஓடி வந்து, என்னன்னு பாத்து முடிவு செய்யணும்."

"அங்க ஆளே இருக்க மாட்டாங்களே."

"இருக்க வைக்கணும். நாளைக்குக் காலைல இயக்குநர்ட்ட எல்லாத்தையும் நானே சொல்லப்போறேன். வேலை போகும். அதுக்கு மேலயும் வரும்."

நாலாயிரம் பேர் என்ற எண் அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தது. அவர்களுக்கும் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். அவள் செய்வது சரி என்று அவளால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆழ்வாரப்பன் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிவிட்டு, வெளியே போய்க் கவணின் முதுகில் ஏறி நின்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தெற்கே விசிறியின் இரைச்சல் கேட்டது. செம்பழுப்பு இறக்கை, நடுவில் வெள்ளை. கவண் உடனே திரும்பியது. குழல்கள் தொம்மையின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. திரையில் அவனைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுந்தது. பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு நூல் இடைவெளியில் இருந்தது. அதை அழுத்தினால் குண்டு போகாது. ஆனால் பாடம் போய்விடும். அவள் விரலை நகர்த்தவில்லை. முதல் வட்டம் முடிந்தது.

இருபதில் முதுகு வலித்தது. ஐம்பதில் கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது, துடைக்கக் கையில்லை. எத்தனை வட்டம் போதும் என்று அவளுக்கே தெரியாது. அறுநூறு பொய்ப் படங்களுக்கு எத்தனை நிஜ அண்ணன் ஈடு? தொம்மை குனிந்து இந்தப் பக்கம் பார்ப்பது திரையில் தெரிந்தது. தன்னையே தொடர்ந்து வரும் இரண்டு குழல்களைப் பார்த்துக்கொண்டு, நடுவயதுக்காரன் ஒருவன் தங்கச்சி சொன்னாள் என்பதற்காகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எண்ணினாள்.

நூற்றுப் பத்தாவது வட்டத்தில் திரையில் இன்னொரு வளையம் விழுந்தது. நிஜக் கருடன். துணி இறக்கையை இன்னொரு கருடன் என்று நினைத்ததோ என்னவோ, தொம்மைக்குச் சற்று மேலே அதுவும் வட்டமிடத் தொடங்கியது.

தலைக்கு மேலே, கவணின் முதுகில், பட் பட்டென்று இரண்டு சத்தம் கேட்டது. குண்டு என்று நினைத்து அவள் உயிரே போய் வந்தது. திறந்திருந்த மூடி வழியாக அண்ணாந்து பார்த்தாள். ஆழ்வாரப்பன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகம் நனைந்திருந்தது.

"வந்துட்டு மேடம்," என்றார். "கை வந்துட்டு."

செலினின் கைகளும் எழத் துடித்தன. அவள் கைப்பிடியை விடவில்லை. நூற்றுப் பதினொன்று என்று எண்ணினாள். குழல்கள் அவள் அண்ணனைப் பார்த்தபடி, சுடாமல், கூடவே சுற்றிக்கொண்டிருந்தன.